அருவிக்குப் போன இடத்தில்



சென்ற இதழில் மழைக்காலத்தில் வற்றல், வடகத்தைப் பூஞ்சை பிடிக்காமல் வைத்துக்கொள்வது பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை அடுப்படியை விட்டுக் கொஞ்சம் வெளியே வருகிறேன். கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்குக் குடும்பத்தோடு போய்வந்த கதை இது. கூடவே என் தப்பு ஒன்றையும் சொல்லப்போகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உங்களில் ஒருத்தர் வீட்டிலாவது இது உதவும் என்று தோன்றுவதால் மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கரூர். கூட்டுக் குடும்பம். மாமியார், நாங்கள், எங்கள் கொழுந்தனார் குடும்பம் எல்லாம் ஒரே வீட்டில்தான். காலாண்டுப் பரீட்சை முடிந்து பிள்ளைகளுக்கு லீவு விட்டதும், "எங்கேயாவது கூட்டிப் போங்க" என்று ஒரே நச்சரிப்பு. என் வீட்டுக்காரர்தான் கொல்லிமலை என்று முடிவு செய்தார். காலையில் போய் ராத்திரி திரும்பிவிடலாம், லாட்ஜ் செலவு மிச்சம் என்பது அவர் கணக்கு!

விடியற்காலை மூன்றரைக்கே அடுப்பு மூட்டினோம். புரட்டாசி மாதம், கவிச்சி கிடையாது. ஒரு தூக்கு நிறையப் புளிசாதம், இன்னொன்றில் தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மோர்மிளகாய், சின்னக் குழந்தைக்குத் தனியாகப் பருப்புசாதம் என்று எல்லாம் தயார். இதில் பாதிக்கு மேல் செய்தது என் ஓர்ப்படிதான். வீட்டில் அவளைச் சின்னவள் என்போம். இருபத்தெட்டு வயசு. ஐந்து வயசில் ஒரு பெண், ஒன்றரை வயசில் கைப்பிள்ளை. வாய் பேசாமல் வேலை செய்கிறவள்.

நாமக்கல், சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி போய்ச் சேர்ந்தோம். அங்கேதான் மலைப்பாதை ஆரம்பம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். என் பையன் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தவன், முப்பதைத் தாண்டுவதற்குள் வாயை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை முகர ஆரம்பித்துவிட்டான். மேலே போகப் போகக் காற்று மாறிவிடுகிறது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி சுற்றிக்கொண்டு நிற்கிறது. அடியில் காப்பிச் செடி. ஊடே பலா, வாழை, அன்னாசி. கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலையாயிற்றே! இன்றைக்கும் ஆடிப் பதினெட்டை ஒட்டி ஓரிக்கு இங்கே விழா எடுக்கிறார்கள்.

முதலில் அறப்பளீசுவரர் கோயில். பழைய சிவன் கோயில். கூட்டம் அதிகமில்லை. நிம்மதியான தரிசனம். கோயிலுக்குப் பக்கத்தில் ஓடும் ஐயாறுதான் கொஞ்ச தூரம் போய்ப் பாறையிலிருந்து விழுந்து ஆகாய கங்கையாகிறது. மாமியாருக்கு எழுபத்திரண்டு வயசு. "நான் சாமி கிட்ட உட்கார்ந்திருக்கிறேன். கைப்பிள்ளையை என்னிடம் விட்டுட்டுப் போங்க கண்ணு" என்று சொல்லிவிட்டார். நல்ல முடிவு. அந்தப் படிகளில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போகவே கூடாது.

மற்ற மலைகளுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மற்ற இடங்களில் முதலில் ஏறுவோம், களைத்துப்போன பிறகு இறங்குவோம். முடியவில்லை என்றால் பாதியில் திரும்பிவிடலாம். இங்கே முதலில் இறக்கம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். எத்தனை என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். எண்ண ஆரம்பித்த என் பெண்ணும் நானூறோடு குழம்பிப்போய் விட்டுவிட்டாள். இறங்கும்போது "இவ்வளவுதானா!" என்று தோன்றும். அந்த ஆயிரத்தையும் திரும்ப ஏறியாக வேண்டும் என்பது அப்போது நினைவுக்கு வராது. மலை முதலில் கடன் கொடுத்துவிட்டு, அப்புறம் வட்டியோடு வசூல் பண்ணுகிறது!

இறக்கமும் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். படிகள் ஒரே அளவாக இல்லை. சிலது முழங்கால் உயரம். எனக்கு நாற்பத்தாறு வயசு. இடது முழங்கால் ஏற்கெனவே தகராறு பண்ணும். உயரமான படிகளில் பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினேன். பாதி தூரத்தில் தொடை நடுங்க ஆரம்பித்தது. இருந்தாலும் மரநிழலும், எங்கிருந்தோ வரும் நீர் ஓசையும் சேர்ந்து நம்மை இழுத்துக்கொண்டு போய்விடுகின்றன. முக்கால் மணி நேரத்தில் கீழே போய்விட்டோம்.

அருவியைப் பற்றி என்ன சொல்ல! சுமார் முன்னூறு அடி உயரத்திலிருந்து விழுகிறது. நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. மூன்று பக்கமும் பாறைச் சுவர். அருவிக்கு நேரே போய் நிற்பதற்கு முன்பே சாரல் வந்து நம்மை நனைத்துவிடுகிறது. பேசுவது காதில் விழாது. எல்லாரும் ஜாடைதான். இரவு படுக்கப் போகும்வரை "அம்மா, அது எங்கே? இது எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும் வீட்டில், ஒரு மணி நேரம் யார் குரலும் காதில் விழாமல் நின்றேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், முழங்கால் வலியே மறந்துபோயிற்று.

சின்னவள் குளிக்கவில்லை. "குளிருது அக்கா" என்று ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள். "இவ்வளவு தூரம் வந்து குளிக்காமல் போவாயா?" என்று கையைப் பிடித்து இழுத்தேன். கை ஐஸ் மாதிரி இருந்தது. சாரல்பட்டு அப்படி இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

ஒரு மணி வாக்கில் ஏற ஆரம்பித்தோம். பிள்ளைகள் குடுகுடுவென்று முன்னால் போய்விட்டார்கள். சின்னவளின் ஐந்து வயசுப் பெண்கூட அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள். நான் மெதுவாக, ஐம்பது படிக்கு ஒருதரம் நின்று ஏறினேன். சின்னவளோ பத்துப் படிக்கு ஒருதரம் உட்கார்ந்தாள். முதலில் நாங்களும் நின்றோம். அப்புறம் எனக்கு அலுப்பாகிவிட்டது.

"நாற்பத்தாறு வயசில் நான் ஏறுகிறேன். உனக்கென்ன? உன் பொண்ணைப் பாரு, எப்படி ஓடுது! இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குத் தெம்பே கிடையாது" என்று சொல்லிவிட்டேன். சுற்றிலும் ஜனங்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து இன்னும் பத்துப் படி ஏறி, மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

பாதி வழியில் ஓரமாக ஒரு மலைவாழ் அம்மா, கூடையில் நெல்லிக்காயும் அன்னாசித் துண்டும் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். சின்னவள் அவர் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நெஞ்சு படபடவென்று அடிப்பது சேலைக்கு மேலேயே தெரிந்தது. அந்த அம்மா அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏம்மா, இந்தப் பொண்ணு என்ன இப்படி வெளுத்துக் கிடக்குது? உதட்டுல ரத்தமே இல்லையே. கைப்பிள்ளைக்காரியா?"

"ஆமாம், ஒன்றரை வயசுப் பிள்ளை இருக்கு" என்றேன்.

"சோறு போட்டீங்களா?"

சாட்டையடி மாதிரி இருந்தது எனக்கு. "காலையில என்ன சாப்பிட்டே?" என்று சின்னவளைக் கேட்டேன். "காப்பி குடிச்சேன் அக்கா" என்றாள். நாங்கள் எல்லாரும் வேனில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டபோது, அவள் கைப்பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் பங்கு என்ன ஆயிற்று என்று நான் பார்க்கவே இல்லை.

அந்த அம்மா உப்புத் தொட்ட நெல்லிக்காய் இரண்டைக் கொடுத்து, மெல்லச் சொன்னார். காசு கொடுத்தபோது சின்னவளின் நெல்லிக்காய்க்கு வாங்க மறுத்துவிட்டார். நான் சின்னவளின் கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் தினமும் பக்கத்தில் நிற்கிறவள் நான். எனக்குத் தெரியாதது, கூடைக்காரம்மாவுக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

அப்புறம் அவசரமே படவில்லை. அஞ்சு படி ஏறுவோம், உட்காருவோம். என் தோளில் அவள் கை. மீதிப் படிகள் ஏற ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மேலே கடைகளில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்கிறார்கள். பார்க்க ஆட்டுக்கால் மாதிரி ரோமத்தோடு இருக்கும் ஒரு கிழங்கு. மிளகு, சீரகம் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்த சூடான சூப், நடந்த களைப்புக்கு இதமாக இருந்தது. மூட்டுவலிக்குக் கைகண்ட மருந்து என்று கடைக்காரர் சொன்னார். என் முழங்கால் என்னவோ மறுநாளும் வலிக்கத்தான் செய்தது!

ஊருக்கு வந்த மறுநாளே சின்னவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 6.8 என்று வந்தது. கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலே ரத்தசோகை. கர்ப்பிணிகளுக்கு 11க்குக் குறைந்தால் ரத்தசோகை. 8க்கும் கீழே போனால் கடுமையான ரத்தசோகை என்று டாக்டரம்மா சொன்னார்.

"ஹீமோகுளோபின் என்பது பிராணவாயுவைச் சுமந்து போகிற வண்டி மாதிரி. பத்து வண்டி ஓட வேண்டிய இடத்தில் இவளுக்கு ஐந்தாறுதான் ஓடுகிறது. அதனால் இருக்கிற வண்டி கூடுதல் நடை அடிக்க வேண்டியிருக்கிறது. இதயம் வேகமாக அடிப்பது அதனால்தான். வீட்டில் மெதுவாக வேலை செய்யும்போது சமாளித்துக்கொள்வாள். படி ஏறினால் குட்டு வெளிப்பட்டுவிடும்" என்று எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார்.

அப்புறம் கேள்வி மேல் கேள்வி கேட்டார். ஒவ்வொரு பதிலும் எனக்கே புதுசு. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு மாதவிலக்கில் அதிக ரத்தப்போக்காம். வெளியே சொல்லவில்லை. பிரசவமானதும் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் பிரட்டியதாலும், மலம் கறுப்பாகப் போனதாலும் பயந்து நிறுத்திவிட்டாளாம். சாப்பிட்டவுடன் காப்பி குடிக்கும் வழக்கம். எல்லாருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவது.

"பச்சரிசி, சாம்பல், மண், ஐஸ்கட்டி இப்படி ஏதாவது தின்னத் தோன்றுகிறதா?" என்று டாக்டரம்மா கேட்டபோது சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அரிசி புடைக்கும்போதெல்லாம் ஒரு பிடி வாயில் போட்டுக்கொள்வாள். "அரிசி தின்றுதான் உன் கல்யாணத்தன்று மழை கொட்டியது" என்று வீடே கேலி பண்ணும். இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்களுக்கு இப்படித் தின்னத் தோன்றுவது உண்டாம். உடம்பு ஒரு வருஷமாக அடையாளம் காட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் அதைக் கேலி பண்ணிக்கொண்டிருந்தோம்.

இரும்புச்சத்து மருந்தை நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். ரத்தப்போக்குக்குத் தனியாக வைத்தியம் நடந்தது. பிறகு தினசரி மாத்திரை. எண்ணிக்கை சரியான பிறகும் சில மாதம் நிறுத்தக் கூடாது, உடம்பில் கையிருப்பு சேர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். டாக்டரம்மா சொன்னவற்றில் எல்லாருக்கும் பயன்படுகிறவற்றை எழுதுகிறேன்:

இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பி, டீ, பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சம்பழச் சாறு, நெல்லிக்காய், கொய்யா இவற்றோடு சேர்ந்தால் சத்து நன்றாக உடம்பில் சேரும். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான். அதற்குப் பயப்பட வேண்டாம். வயிற்றைப் பிரட்டினால் நாமே நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொன்னால் வேறு மாற்றித் தருவார்.

முருங்கைக்கீரை, கம்பு, எள், சுண்டல் வகைகள், பேரீச்சை எல்லாம் நல்லதுதான். கவிச்சி சாப்பிடுகிறவர்களுக்கு ஆட்டு ஈரல், கறி. கீரையை இறக்கியதும் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்துகொண்டால் பலன் கூடும். ஆனால் இவ்வளவு குறைந்தவர்களுக்குக் கீரை மட்டும் போதாது, மருந்தும் வேண்டும்.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. நம் தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல்தான். நம் தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு வீடு என்றால், அதில் ஒரு வீட்டுப் பெண்ணுக்கு இருக்கலாம். அவளைத்தான் நாம் "சோம்பேறி", "தெம்பில்லாதவள்" என்கிறோம்.

கொல்லிமலைக்குப் போக நினைக்கிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்:

படி இறங்கும் முன்பு எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்களா என்று பார்க்கவும். சமைத்தவள் சாப்பிட்டாளா என்று முக்கியமாகப் பார்க்கவும்!

காலையிலேயே இறங்கிவிட வேண்டும். ஏறுவதற்கு, இறங்கிய நேரத்தைப்போல் இரண்டு பங்கு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வாருள்ள, வழுக்காத செருப்பு அவசியம். நைலக்ஸ் சேலை நனைந்தால் காலைச் சுற்றும். சுடிதார் அல்லது சற்று உயர்த்திக் கட்டிய பருத்திச் சேலை நல்லது. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், மாற்றுத்துணி, கொஞ்சம் கடலை மிட்டாய் போதும். பையைக் குரங்கு பறிக்கும், ஜாக்கிரதை.

ஏறும்போது பாதம் முழுவதையும் படியில் வைத்து, பேச்சுத் திணறாத வேகத்தில் ஏறுங்கள். கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், கடும் மூட்டுவலிக்காரர்கள் கோயிலோடு நின்றுவிடுவது நல்லது. நெஞ்சுவலி, தலைசுற்றல், காதில் இரைச்சல் வந்தால் உடனே உட்கார்ந்துவிடுங்கள். நல்ல மழை பெய்து நீர் அதிகம் வரும் நாட்களில் அருவிக்குப் போக விடமாட்டார்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று வாதாட வேண்டாம். பாறையில் பாசி வழுக்கும். குழந்தைகள் கையை விட்டுவிடாதீர்கள்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு புதுச் சட்டம் வந்திருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒன்றாகத்தான் உட்கார வேண்டும். பாத்திரங்களை நடுவில் வைத்து அவரவர் போட்டுக்கொள்வது. ஆரம்பத்தில் ஆண்கள் முனகினார்கள். "நீயும் உட்காரு கண்ணு" என்று மாமியாரே சின்னவளுக்குத் தட்டு வைத்ததும் முனகல் அடங்கிவிட்டது.

மூன்று மாதம் கழித்துப் பார்த்ததில் சின்னவளுக்கு 11.4 வந்திருக்கிறது. இன்னும் 12ஐத் தொட வேண்டும். போன வாரம் துவைத்த துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். கீழே நின்று பார்த்தேன். பத்தொன்பது படி. எங்கேயும் நிற்கவில்லை. மேலே போனதும் எட்டிப்பார்த்து, "என்னக்கா பார்க்கறீங்க?" என்றாள். "ஒண்ணுமில்லே, கிளிப் எடுத்துட்டுப் போக மறந்துட்டியே" என்று சமாளித்தேன்.

அன்று படியில் வைத்துச் சொன்ன வார்த்தைக்கு அவளிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "நீங்க சொன்னதே எனக்கு ஞாபகமில்லை அக்கா" என்றாள். அவளுக்கு ஞாபகமில்லை என்று நான் நம்பவில்லை. எனக்கு நிச்சயம் மறக்காது.

சகோதரிகளே, இன்றைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். கண்ணாடிமுன் நின்று உங்கள் கீழ் இமையை இறக்கிப் பாருங்கள். அப்படியே உங்கள் மருமகள், ஓர்ப்படி, வீட்டு வேலைக்கு வருகிற பெண் எல்லாருக்கும் பாருங்கள். வெளுத்திருந்தால் தாமதிக்காமல் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இமை சிவப்பாகத் தெரிந்தாலும் களைப்பும் மூச்சுவாங்கலும் இருந்தால் பரிசோதித்துவிடுவதே நல்லது.

அடுத்த இதழில் கம்பில் செய்கிற மூன்று பலகாரங்களோடு வருகிறேன். மூன்றும் சின்னவளின் கைப்பக்குவம்!